நாற்காலி வரும்வரை

அந்தப் பகுதியில் உரிமைகளுக்காகப் போராடியவர்களைக் கௌரவிக்கக் கடைவீதியில் கண்காட்சி வைத்திருந்தார்கள். கடை ஷட்டர்களிலெல்லாம் ஓவியம். நடுவில், நிஜமான ஒரு ஸ்டூலின்மேல் காகிதக்கூழ்ச் சிலை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு ஸ்டூல் கேட்டு, பதினோரு நாள் கடை வாசலில் உட்கார்ந்து ஜெயித்த விற்பனைப் பெண்ணாம். சிலையை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி. காலையிலிருந்து நின்று நின்று மரத்துப்போன கால்கள் இன்னும் இருக்கின்றனவா என்று அவர் அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொண்டார்.

பிற்பகலில் வயதான அம்மா ஒருவர் வந்து சிலையை மேலும் கீழும் பார்த்தார்.

"மூக்கு என்னோடது இல்லையே, தம்பி."

"தொடாதீங்கம்மா!"

"அட, இது நான்தான்ப்பா. முட்டி வலிக்குது. இவளைக் கொஞ்சம் பிடி."

காவலாளி வாயைத் திறப்பதற்குள் சிலை அவர் கைக்கு வந்துவிட்டது, அம்மா ஸ்டூலில். அந்த நேரம் பார்த்துத்தானா கண்காட்சி நடத்திய சங்கத்தின் செயலாளர் சிறப்பு விருந்தினரை அழைத்துக்கொண்டு வர வேண்டும்? காவலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விருந்தினர் அம்மாவின் முகத்தருகே குனிந்தார். "அடேயப்பா, சுருக்கம்கூட என்ன தத்ரூபம்! மூக்குதான் சரியா வரல," என்று விரலை நீட்டினார்.

அம்மா தும்மினார்.

விருந்தினர் ஒரே தாவலில் செயலாளரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்.

"என் மூக்கு கிடக்கட்டும்," என்றார் அம்மா. "இந்தத் தம்பிக்கு நாற்காலி எங்க?"

செயலாளர் நெளிந்தார். "காவலுக்கு நிக்கிறவர் உட்கார்ந்தா பார்க்க நல்லா இருக்காதுன்னு..."

"எங்க முதலாளியும் இதையேதான் சொன்னாரு. பதினோரு நாள் கழிச்சு வேற மாதிரி பேசினாரு. நாற்காலி வர்ற வரைக்கும் நான் எழுந்திரிக்கிறதா இல்ல."

இருந்தது, மேடையில் விருந்தினருக்குப் போட்டிருந்த மெத்தை நாற்காலி ஒன்றுதான். அது வந்தது. காவலாளி கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தார். அடுத்த நிமிடமே தாராளமாகச் சாய்ந்துவிட்டார். அம்மா முட்டி வலியென்று இன்னும் ஸ்டூலிலேயே இருந்தார்; சிலையை வேறு எங்கே வைப்பதென்று யாரும் சொல்லாததால் அது அவர் மடியிலேயே இருந்தது.

"யாருங்க இவங்க, புருஷன் பொண்டாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கூட்டம் அவரையும் சிலையையும் படம் எடுத்தது.

விருந்தினர் உரிமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி. காவலாளி அதைப் பார்க்கவில்லை. சிலையின் தோளில் தலை சாய்த்து, சன்னமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.