பெரிய கெட்டில்

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சக்கர வீடுகளை விடுமுறைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற எங்கள் கடலோரக் கேரவன் சைட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது காரில் கேரவனை இழுத்துக்கொண்டு வந்து, ரிவர்ஸ் எடுத்துத் தன் இடத்தில் நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அந்த வரிசை முழுக்க மடக்கு நாற்காலியோடு வெளியே வந்து உட்கார்ந்துவிடும். யாரும் உதவ மாட்டார்கள், வாயும் திறக்க மாட்டார்கள். சும்மா பார்ப்பார்கள். ஒரே முறையில் உள்ளே போட்டுவிட்டால் வரிசைக்காரர்கள் வந்தவருக்கு டீ கொடுக்க வேண்டும். முன்னும் பின்னும் இழுத்து மானம் போனால் வந்தவர் வரிசைக்கே டீ போட வேண்டும்.

முப்பத்தோரு வருஷத்தில் என் புருஷன் ஹெட்லி ஒரு தடவைகூட டீ போட்டதில்லை. லீட்ஸில் மாடி பஸ் ஓட்டியவன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஜன்னலில், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கேரவன் உள்ளே போகும். இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எனக்குப் பால் கொஞ்சம் தூக்கலா" என்பான். அந்தத் திமிருக்காகவே நான் அவனைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் பாதி உண்மை.

நாற்பது வருஷம் பஸ் ஓட்டினான், அந்த நாற்பது வருஷமும் சிகரெட் ஊதினான். இப்போது மூக்கில் குழாய். வீட்டில் ஒரு மூலையில் ஆக்சிஜன் இயந்திரம் ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கும். வெளியே போனால் சின்ன சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதனால் வெளியே போவதையே விட்டுவிட்டான். முதலில் பௌலிங் கிளப் போனது. பிறகு வெள்ளிக்கிழமை பப். இரண்டு கோடையாகக் கேரவன் வாசலில் பாசி பிடித்துக்கொண்டு நின்றது.

"தாராளமா போய்ட்டு வாங்க, இன்னொரு இயந்திரத்தை சைட்டுக்கே கொண்டுவந்து வெச்சுடுவாங்க" என்று நர்ஸ் மூன்று தடவை சொன்னாள். இவன் அசையவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் சிரில், எங்கள் கேரவனைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டபோது, இவன் "எடுத்துக்கோ" என்றே சொல்லிவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல்!

மூன்று நாள் சண்டை போட்டேன். நாலாம் நாள் இறங்கி வந்தான்.

"சரி, ஒரு வாரம் போவோம். ஆனா ஒண்ணு. ஒரே ஒரு தடவை யார்கிட்டயாவது போய் உதவி பண்ணுங்கன்னு நாம கை ஏந்தினா, அன்னிக்கே சாவி சிரிலுக்கு. ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

"யாரு இழுத்துட்டுப் போறது? என்னால முடியாது."

"நான்தான்."

"நீயா?"

ஏப்ரலிலிருந்தே செவ்வாய்க்கிழமைகளில் சர்ச் பாட்டுக் குழுவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் வகுப்பில் கேரவன் இழுக்கப் பழகியதை அப்போதுதான் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அதானே பார்த்தேன். ரெண்டு மாசமாப் போறே, குரல் மட்டும் தேறவே இல்லையேன்னு."

ஜூன் மாதம் கிளம்பினோம். இன்ஷூரன்ஸுக்கு எழுதினோம். ஜன்னலில் ஆக்சிஜன் எச்சரிக்கை ஒட்டினோம். கேரவனுக்குள் கேஸ் அடுப்பைத் தொடக்கூடாது, ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பே ஆகாது. வெந்நீருக்குக் கரண்ட் கெட்டில்தான். அதிலும் கேரவனுக்கென்றே இருக்கிற சின்னக் கெட்டில், இரண்டு கப் கொதிப்பதற்குள் ஒரு குறுக்கெழுத்துப் புதிரை முடித்துவிடலாம். ஹெட்லி பார்க்காத நேரத்தில் வீட்டுப் பெரிய கெட்டிலைப் போர்வைக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன். அது இழுக்கிற கரண்ட்டைச் சைட் தாங்காது, அங்கே வீட்டுக் கெட்டிலைப் போடக்கூடாது என்பது முப்பத்தோரு வருஷமாக எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன்.

சைட்டுக்குள் திரும்பியதுமே வரிசை வெளியே வந்துவிட்டது. முன்வரிசையில் எனிட், மடியில் நாய், கையில் காலிக் கோப்பை. எங்கள் எதிர் இடம் அவளுடையது. இருபது வருஷப் பழக்கம், இருபது வருஷ வாய்.

ஹெட்லி எனக்குப் பக்கத்து சீட்டில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, மூக்குக் குழாய் தெரியாமல் மஃப்ளரைச் சுற்றியிருந்தான். ஜூன் மாதத்தில் மஃப்ளர்! கத்தி வழி சொல்ல மூச்சு போதாது என்பதால், மடியில் ஒரு பிஸ்கட் டின், கையில் ஸ்பூன். ஒரு தட்டு என்றால் இடது, இரண்டு தட்டு என்றால் வலது, விடாமல் தட்டினால் நிறுத்து. ரிவர்ஸில் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பினால் கேரவன் மறுபக்கம் போகும்; கேரவனுக்கு இடதா, ஸ்டியரிங்குக்கு இடதா என்று மட்டும் பேசிக்கொள்ள மறந்துவிட்டோம்.

முதல் தடவை வேலிக்குள் போனேன். இரண்டாம் தடவை எனிட்டின் பூந்தொட்டிக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றேன். மூன்றாம் தடவை காரும் கேரவனும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக்கொண்டன. டின் சத்தம் கோவில் மணி போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலாம் தடவை எப்படியோ உள்ளே போய்விட்டது.

எனிட் காலிக் கோப்பையை உயர்த்திக் காட்டினாள். "எனக்குச் சர்க்கரை வேணாம் மியூரியல்! வேர்த்துக் கொட்டுது பாரு, முகத்தைத் துடைச்சுக்கிட்டு நிதானமாப் போடு!"

ஹெட்லி ஒருவரையும் பார்க்காமல் சட்டென்று கேரவனுக்குள் போய்விட்டான். இயந்திரம் முன்பே சைட்டில் வந்து இறங்கியிருந்தது. உள்ளே ஏற்றி, கரண்ட் இணைத்து, அவனுக்குக் குழாயை மாட்டியதும் உறும ஆரம்பித்தது. மஃப்ளரைக் கழற்றவில்லை.

ஏழு பேருக்கு டீ. சின்னக் கெட்டிலில் இரண்டிரண்டாகப் போட்டால் பொழுது சாய்ந்துவிடும். போர்வையைப் பிரித்தேன், பெரிய கெட்டிலை நிரப்பினேன், ஸ்விட்சைத் தட்டினேன்.

டப்.

விளக்கு போயிற்று. ஃப்ரிட்ஜ் அடங்கியது. ஆக்சிஜன் இயந்திரம் உறுமலை நிறுத்திவிட்டுக் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கை தானாக வேலை செய்தது. குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினேன், முள்ளைப் பார்த்தேன். நாலு மணி நேரத்துக்குத் தாராளமாக வரும். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் இடத்துக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி பூட்டியிருந்தது. சாவி சைட்டைப் பார்த்துக்கொள்ளும் டெஸ்மண்டிடம். டெஸ்மண்டின் அறை வரிசையின் அந்தக் கோடியில்.

ஹெட்லி கெட்டிலைப் பார்த்தான்.

"நம்ம வீட்டுக் கெட்டிலா அது?"

"ஆமா."

"சரி."

இந்த மனுஷன் எதற்கும் சரி என்று சொல்கிறவனே அல்ல.

"நான் ஓடிப்போய் டெஸ்மண்ட்கிட்ட..."

"போ. போனா கேரவன் சிரிலுக்கு. நீதானே ஒத்துக்கிட்டே."

அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கேரவனுக்காக மட்டும் அழவில்லை. இரண்டு வருஷமாக இவன் ஒவ்வொன்றாகத் தன்னைவிட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். இதுவும் போனால் மிச்சம் இருப்பது ஜன்னலோர நாற்காலி ஒன்றுதான். அதில் அவன் உட்கார்ந்திருப்பதை நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை நினைத்துத்தான் அழுதேன். அதை அவனிடமும் சொன்னேன், மூக்கைச் சிந்திக்கொண்டே.

வெளியே ஏழு பேர் கோப்பையோடு காத்திருந்தார்கள். அவன் மஃப்ளரைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தான். சிலிண்டர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"எங்க போறே?"

"நீ உக்காரு. கெட்டில மட்டும் தொடாதே."

இரண்டு படி இறங்கிப் போனான். மூக்கில் குழாய் பளிச்சென்று தெரிய, வரிசை முழுக்கப் பார்க்க, வண்டியை இழுத்துக்கொண்டு நடந்தான். பின்னால் ஓடத் துடித்தது. ஓடினால் என்னை மன்னிக்க மாட்டான். ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இருபது அடி நடந்தான், நின்றான். எனிட் எழுந்து, நாயைத் திட்டிக்கொண்டே தன் நாற்காலியை அவன் பக்கமாகத் தள்ளினாள். உட்கார்ந்தான். ஏதோ பேசினார்கள். எழுந்தான். அடுத்த இருபது அடியில் இன்னொரு நாற்காலி. அங்கேயும் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. மூச்சுத்தான் திணறுகிறது என்று எனக்கு உயிரே போயிற்று. அவன் தலையைத் திருப்பியபோதுதான் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தான். டின் தட்டுவது போலக் கையால் செய்து காட்டினான். நான் வேலிக்குள் போனதையும் நடித்துக் காட்டினான், பாவி.

ஒரு காலத்தில் இரண்டு நிமிஷத்தில் போகிற தூரம், போய்வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. வரும்போது டெஸ்மண்ட் சாவியோடு முன்னால், ஹெட்லி நடுவில், பின்னால் வரிசையே ஊர்வலம். டெஸ்மண்ட் பெட்டியைத் திறந்து ஸ்விட்சைத் தட்டிவிட்டார். இயந்திரம் மறுபடி உறுமியது.

"எந்தப் புண்ணியவதி வீட்டுக் கெட்டில கொண்டாந்தது?" என்றார்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நாய்கூட.

கூட்டம் உட்கார்ந்த பிறகு அவன் காதோடு கேட்டேன். "உதவி கேட்டியா?"

"கேக்கவே இல்ல. புகார் குடுத்தேன். என் பொண்டாட்டி வரிசைக்கே டீ போட வேண்டியவ, நீ கரண்ட் ஒழுங்காக் குடுக்கலன்னா அவ எப்படிப் போடுவா, நீயெல்லாம் என்னய்யா சைட் நடத்தறேன்னு கேட்டேன்."

"எனிட் நாற்காலி குடுத்தாளே?"

"அவளாக் குடுத்தா. நான் கேட்டேனா?"

சின்னக் கெட்டிலில் இரண்டிரண்டாக ஏழு கப் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முதலில் குடித்தவர்கள் இரண்டாவது கப் கேட்டார்கள். எனக்குக் கோபமே வரவில்லை.

அந்த வாரம் முழுக்க இயந்திரத்திலிருந்து நீளக் குழாயை இழுத்துவிட்டு அவன் வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். எனிட்டின் நாய் இரண்டு தடவை குழாய்மேல் படுத்துத் திட்டு வாங்கியது. சிலிண்டரோடு கடலோரப் பெஞ்சு வரை போய் வினிகர் சொட்டச் சொட்ட மீனும் சிப்ஸும் தின்றோம். என் சிப்ஸையும் அவனே தின்றான். புதிதாக யார் கேரவனோடு வந்தாலும் முதல் நாற்காலி அவனுடையது. வாசல் மேசை விரிப்பு காற்றில் பறக்காமல் இருக்க, அந்த மஃப்ளரால் கட்டிவைத்தேன்.

சனிக்கிழமை காலை சிரில் போன் பண்ணினான். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"இல்ல சிரில், குடுக்கறதுக்கு இல்ல" என்றான் ஹெட்லி. மூச்சு வாங்க நிறுத்தினான். "மியூரியலுக்கு இன்னும் ரிவர்ஸ் வரல. ஒரே தடவையில உள்ள போடற வரைக்கும் அவ பழகணும். கேரவன் இல்லாம எதுல பழகுவா? எப்படியும் ஒரு பத்து வருஷம் ஆகும்."

அவனுக்கு மிச்சம் என்று டாக்டர் எங்களுக்குச் சொன்ன கணக்கு பத்து அல்ல. அதற்குப் பக்கத்தில்கூட வராது. சொன்னபோது இருவரும் கூடவே உட்கார்ந்து கேட்டிருந்தோம். ஈரக் கையோடு திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பழைய தொப்பி, பழைய திமிர்.

"பன்னெண்டுன்னு சொல்லு" என்றேன். "எனக்குச் சீக்கிரம் ஏறாது."

"பன்னெண்டாம்" என்றான் போனில்.