தார் பூசிய பெட்டி

நாற்பதாவது வாளியையும் இறைத்துக் கொட்டிவிட்டு, குழிக்குள் இருந்தவன் நிமிர்ந்தான். இறைத்த இடத்தில் செந்தண்ணீர் மறுபடி ஊறி அவன் முழங்காலுக்கு ஏறியது.

“இது நிக்காதுங்க வாத்தியாரே. கம்மா நெறஞ்சு கெடக்கு. ஊத்து அங்கிட்டிருந்துதான் வருது.”

ஞானராஜ் குழியிலிருந்து பார்வையைத் திருப்பினான். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் குடைகளுக்கும் சாக்குகளுக்கும் அடியில் ஆவூர் கிராமமே நின்றது. ஒரு முகத்திலாவது துக்கம் இருக்கிறதா என்று பார்த்தான். கூத்துக்கு இடம் பிடித்தவர்களைப் போல நின்றார்கள். பீடி வேறு.

அவன் அப்பா பங்கிராஸுக்கு ஊர் வைத்த பெயர் சீமெண்ணெய். குழாய்க் கிணறு இறக்கும் ஃபிட்டராக ஒழுங்காய் இருந்த மனிதர், மூன்று வருஷத்துக்கு முன்னால், கோட்டைப்பட்டினம் கடலில் எண்ணெய் ஆராய்ச்சி செய்ய வந்த படகில் மிஷின் பார்க்கப் போனார். இரண்டு மாதத்தில் ஆள் கெட்டுத் திரும்பினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எருமை ஓட்டிக்கொண்டு போகிறவனை நிறுத்திப் பேசுவார்.

“தரையில இருக்கிற எண்ணெ இன்னும் இருவது வருஷம்டா. அப்புறம் பீப்பா வெல என்னாகும்னு நெனைக்கிறே? ஒலகமே கடலுக்குத்தான் வரணும். நம்ம கடலுக்கு!”

எருமைக்காரன் தலையாட்டுவான். பிறகு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

டில்லிக்கு எழுதினார். மூன்று வரியில் பதில் வந்தது. அதை மடிப்பு கிழியும் வரை எல்லாருக்கும் காட்டினார். போன வருஷம் எண்ணெய்க்குத் துளை போட, நான்கு பனந்தூண்களைக் கடலில் நட்டு மேலே பரண் கட்டினார். சேற்றில் ஒரு தூண் புதைந்து, பரண் சாய்ந்து, மீன்காரர்கள் அவரை வலையோடு தூக்கி வந்தார்கள். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்த ஞானராஜ், கரும்பலகையில் ‘சீமெண்ணெய் வாத்தியார்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தான். எழுதியவன் யாரென்று அவன் கேட்கவே இல்லை. தானே அழித்தான்.

இன்று அந்தப் பெயரும் மண்ணுக்குள் போய்விட வேண்டும். யாரும் சிரிக்காமல் இந்தப் பெட்டி இறங்கினால் போதும்; வேறு எதுவும் அவனுக்கு வேண்டாம். மழைக்காக இரண்டு நாள் பார்த்தாயிற்று. இனி அப்பாவின் உடம்பு தாங்காது.

“இறக்குங்க,” என்றான்.

சாமியார் ஜெபத்தைத் தொடங்கினார். கயிற்றை விட்டார்கள். பெட்டி தண்ணீரைத் தொட்டது. கயிறு தொய்ந்தது. பெட்டி இறங்கவில்லை, மெல்லத் திரும்பி, கால்மாட்டைக் குழியின் சுவரில் இடித்துக்கொண்டு மிதந்தது.

பிறகு பக்கத்துக் காட்டுக்காரர் ஆண்டியப்பன், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

“சீமெண்ணெயில்ல? மெதக்கத்தான செய்யும்.”

சுவரோரம் முழுக்கச் சிரிப்பில் குலுங்கியது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்தே விட்டாள்.

நான்கு கல் வைத்தார்கள். பெட்டி ஒருக்களித்து கற்களைத் தண்ணீரில் சரித்துவிட்டு மறுபடி நிமிர்ந்தது. இரண்டு மூங்கிலால் அமுக்கினார்கள். தலைமாட்டை அமுக்கினால் கால்மாடு எழுந்தது.

ஆத்மநாதன் ஆசாரி கையைப் பிசைந்துகொண்டு வந்தார். “எம்மேலதான் தப்பு தம்பி. அவருக்கு நனையக்கூடாதேன்னு இடுக்கெல்லாம் தார் அடிச்சுட்டேன். சொட்டுத் தண்ணி உள்ள போகாது.”

ஞானராஜுக்கு இந்த மனிதர்கள் எல்லார் மேலும், இரக்கப்பட்ட ஆசாரி மேலும்கூட, ஆத்திரம் வந்தது. செத்தும் ஒழுங்காய்க் கிடக்கத் தெரியாத அப்பா மேல் அதைவிட.

அப்போதுதான் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. பரண் சாய்ந்த பிறகு, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் ஓயாமல் சொன்னது. தூணு உள்ள கூடா இருக்கணும் ஞானம். காத்த அடைச்சு மெதக்க விட்டே கடலுக்குள்ள இழுத்துட்டுப் போகணும். எடம் வந்ததும் அடியில தொறந்து விட்டுரணும். மேல காத்து போக வழி வேணும். நாலு மூலையும் ஒண்ணா தண்ணி குடிக்கணும். அமுக்குனா சாயும்டா, குடிச்சாத்தான் உக்காரும். “உங்க கடல் என் ரசத்துல வந்து விழுது,” என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து கை கழுவப் போனான்.

“மேல தூக்குங்க,” என்றான் ஞானராஜ். “ஆசாரி, தமரூசி இருக்கா?”

“இருக்கு. மூடி ஆணிக்காகக் கொண்டாந்தது.”

“அடியில நாலு மூலையிலயும் ஓட்டை போடுங்க. ஒரே அளவா. மூடியில ரெண்டு.”

அம்மா சூசைமேரி அவன் கையைப் பிடித்தாள். “தண்ணி உள்ள போயிருமேடா.”

“போகணும்மா.”

ஆசாரி தயங்கினார். ஞானராஜ் தமரூசியைப் பிடுங்கித் தானே துளைத்தான். கடைசித் துளையில் ஊசி துணியைத் தொட்டு நின்றதைக் கையில் உணர்ந்தான்.

இந்த முறை பெட்டி மிதந்தது, கொஞ்ச நேரம். பிறகு மூடியின் இரண்டு துளைகளிலும் காற்று சீறியது. யாரும் அமுக்கவில்லை. தலைமாடும் கால்மாடும் ஒன்றுபோல, ஒரு விரல்கடை சாயாமல், செந்தண்ணீருக்குள் இறங்கியது. குமிழிகள் வந்தன. நின்றன. கற்களை வைத்தார்கள், அவை வைத்த இடத்திலேயே இருந்தன.

ஆண்டியப்பன் தலையிலிருந்த சாக்கை எடுத்தார்.

“நல்ல யோசனை ஞானராஜ்,” என்றார் சாமியார். “இதை எங்கே கற்றுக்கொண்டாய்?”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மரியாதையோடு.

“ஏதோ புஸ்தகத்துல படிச்சது, சாமி.”

அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்தாள்.

“முதல்ல மகன் போடணும்,” என்று யாரோ சொன்னார்கள். ஞானராஜ் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, குழிக்கு மேல் கையை நீட்டினான். மழை வலுத்தது. மூடிய விரல்களின் இடுக்கில் மண் கரைந்து, கலங்கிய சொட்டுகளாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசை காத்து நின்றது.