சாட்சிக்கு ஒரு மேல்சட்டை

மூன்றாவது முறை டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், இன்னாசி தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பாளையங்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டின் படியேறினான். மரியாதை என்று நினைத்துச் செய்த காரியம், வினையாகப் போய்விட்டது. இடுப்பில் புதுச் சாரமும் கழுத்தில் அந்தோணியார் சுரூபமுமாக வெற்று மார்போடு நின்றவனைப் பார்த்து வெள்ளைக்கார ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். மொழிபெயர்ப்பாளர் எழுந்து, உடம்பை மூடித் தைத்த துணி போட்டுக்கொண்டு மூன்று மணிக்குள் வந்தால் சாட்சியம் எடுக்கப்படும், இல்லையென்றால் குற்றம் சாட்டப்பட்டவன் தரப்பு சாட்சி முடிந்ததாக எழுதப்படும் என்றார். அப்போது மணி பதினொன்றேகால்.

கூண்டுக்குள் நின்ற வளன் அவனைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வளன் மேல் கொலைக் கேஸ். ராதாபுரம் சாலையில் மீன் வியாபாரி ஒருவனை விடியற்கருக்கலில் யாரோ குத்திப் போட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் சந்தையில் அவனோடு கட்டிப் புரண்டவன் வளன். சம்பவத்தன்று தான் கடலில் கிடந்ததாக வளன் சொன்னான். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல், அதனால் தனியாகப் போனானாம். பார்த்தவர் யார் என்று போலீஸ் கேட்டதற்கு யாரையும் அவனால் காட்ட முடியவில்லை.

பார்த்தவன் இன்னாசி. வெளுக்கிற நேரத்தில், கூப்பிடு தூரத்தில், வளன் ஒற்றையாளாக வலை இழுத்துக்கொண்டிருந்ததைக் கண்டான். கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்று வருஷமாக அப்படித்தான். இன்னாசியின் தங்கை தெரசாவுக்கும் வளனுக்கும் கோவிலில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்து, கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது வளன் தூத்துக்குடிக்கு ஓடிப் போனான். ஆறு மாசம் கழித்து ஒன்றும் நடக்காதது மாதிரி திரும்பி வந்தான். தெரசா அதற்குப் பிறகு இன்னொருவனுக்குச் சம்மதிக்கவில்லை.

கடலில் கண்டதை இன்னாசி வீட்டில்தான் முதலில் சொன்னான். சோறு போட்டுக்கொண்டிருந்த தெரசா அகப்பையைக் கீழே வைத்தாள். "அத இங்கன சொல்லி என்ன, அண்ணே? கோர்ட்டுல போய்ச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போது கோர்ட் வாசல் வேப்ப மரத்தடியில் நின்றபோது ஊருக்குப் போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. சட்டையில்லை என்று துரை விரட்டிவிட்டார் என்றால் யார் குற்றம் சொல்வார்கள்? தெரசாகூடச் சொல்லமாட்டாள். ஆனாலும் அவன் மரத்தடியை விட்டுப் போகவில்லை.

வளனின் வக்கீல் சிவசண்முகம் பிள்ளை வேர்த்துப்போய் வெளியே வந்தார். தன் கோட்டையே கழற்றிக் கொடுத்தார். துடுப்பு வலித்த தோள், பாதிக்கு மேல் நுழையவில்லை. குமாஸ்தா பரமசிவன் தன் சட்டையைக் கொடுத்தான், அது முதுகில் கிழிந்தது. சுற்றி நின்றவர்களில் தடித்த ஆசாமிகள் இரண்டு பேர் இருந்தார்கள். பரதவன் மேலில் பட்ட துணியைத் திரும்ப உடுத்த வேண்டுமே என்று அவர்கள் பைய நகர்ந்துவிட்டார்கள்.

கடையில் வாங்கலாமென்றால், அந்த வாரம் சுதேசித் தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனதற்காக ஜில்லா முழுக்கக் கதவடைப்பு. பரமசிவன் அவனை மேலப்பாளையத்துக்கு ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப் போனான். தையல்காரர் மதார் கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்தார். மிஷின் சத்தம் தெருவில் கேட்டால் கல் விழும், என்னால் ஆகாது என்றார். கதவைச் சாத்தப் போனவர், இன்னாசியின் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தெற்குத் தெருவில் தன் தங்கை ஹமீது பீவி வீட்டுக்குப் பின்கட்டு வழியாகப் போகச் சொன்னார். புருஷன் கொழும்பிலிருந்து அனுப்பிய கை மிஷின் அவளிடம் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் தைப்பாள்.

அந்த வீட்டில் அவளுடைய மாமனார் பாவா தறியில் இருந்தார். பரமசிவன் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னான். உள் அறையின் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"கூண்டுல நிக்கவரு ஒமக்கு என்ன வேணும்?"

அண்ணன் தம்பி என்று சொல்லச் சொல்லிப் பரமசிவன் கண்ணைக் காட்டினான். இன்னாசிக்கு அந்தப் பொய் வரவில்லை.

"ஒண்ணும் வேணாம், தாயி. எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்த கெடையாது. என் தங்கச்சி வாழ்க்கையக் கெடுத்தவன்."

"பெறவு எதுக்கு இந்த ஓட்டம் ஓடுதீரு?"

"அவன் கொல்லலயே. நான் பாத்தேன்லா."

திரைக்குப் பின்னால் ஒரு பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "மாமா, தறியில அறுத்து வச்ச சாரத்துண்டு ரெண்ட எடுத்துத் தாங்க" என்றாள்.

அந்நிய ஆணை அவள் அளக்க முடியாது. பாவா ஒரு நூலை எடுத்து இன்னாசியின் மாரைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். தோளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. முடிச்சு விழுந்த நூல் திரைக்குள் போயிற்று. கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம் கேட்டது, அப்புறம் மிஷின் கடகடத்தது. நடுப்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாவா பள்ளிவாசலுக்குப் போகாமல் வீட்டிலேயே ஓரமாகத் தொழுதார்.

அவர் எழுந்திருக்கும்போதே தெருமுனையில் கூச்சல் கேட்டது. எந்தக் கடையாவது திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. மிஷின் நின்றது. யாரோ வாசல் கதவில் கம்பால் தட்டினார்கள். பாவா போய்த் திறந்து, தறிதான் ஓடுகிறது, வயிற்றுக்கு நெய்கிறேன் என்று சொன்னார். அவர்கள் உடனே போகவில்லை. இன்னாசி சுவரோடு ஒட்டி நின்றான். கூட்டம் கடந்து போவதற்குள் கால் மணி கரைந்துவிட்டது.

மறுபடி மிஷின் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம். ஊசி முறிந்துவிட்டது. வேறு ஊசி இல்லை. பரமசிவன் இடுப்புக் கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். இரண்டு மணி.

"ஒரு கை முடிஞ்சிட்டு. மத்தத கையால தைக்கேன். சும்மா இரிங்க" என்றாள் பீவி.

இன்னாசி வலை பின்னுகிறவன். கைத்தையலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தான். எத்தனை சொன்னான் என்பது அவனுக்கே தெரியவில்லை. திரையின் கீழே சட்டை வந்து விழுந்தபோது பித்தான் இல்லை, நாடா வைத்திருந்தாள். வலது கை வெறும் ஓட்டுத்தையல்தான், அந்தக் கையைப் பார்த்துத் தூக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். கூலி பேச நேரமில்லை. இன்னாசி திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினான்.

அவர்கள் கோர்ட் வாசலை மிதித்தபோது ஜட்ஜ் எழுதத் தொடங்கியிருந்தார். சிவசண்முகம் பிள்ளை கிட்டத்தட்டக் கத்திவிட்டார். ஜட்ஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கட்டம் போட்ட சாரத்துணிச் சட்டையைப் பார்த்தார், தலையை அசைத்தார். சத்தியம் செய்ய வேதப் புத்தகத்தை எடுத்து முத்தமிடுகையில் தோள் தையல் பட்பட்டென்று விட்டது. டவாலி முன்னால் ஓர் அடி வைத்தான். ஜட்ஜ் கையமர்த்தினார்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். ஒரே ஊர், ஒரே ஜாதி, வேண்டியவனைக் காப்பாற்ற வந்திருக்கிறாய், அப்படித்தானே என்றார். கடலில் கண்டபோது என்ன பேசிக்கொண்டீர்கள் என்றும் கேட்டார்.

"பேசல, எசமான். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். என் தங்கச்சிய வேணாம்னுட்டுப் போனவன். அவன் செத்தாலும் நான் அழமாட்டேன்." இடது கையால் வளனைக் காட்டினான். "ஆனா அன்னைக்கு வெளுக்கையில அவன் கடல்லதான் கெடந்தான்."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்தார். வளன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சர்க்கார் வக்கீல் மேற்கொண்டு கேட்கவில்லை.

நாலாம் நாள் தீர்ப்பு. வளனை விட்டுவிட்டார்கள். அந்த வாரமே இன்னாசி, உள்நாட்டுக்குப் போகும் மீன் வண்டியில் ஒரு கட்டுச் சீலாக் கருவாடு ஏற்றி மேலப்பாளையத்துக்கு அனுப்பினான்.

வளன் கடற்கரையில் அவனைத் தேடி வந்தான். இன்னாசி கட்டுமரத்துக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான்.

"நீ வருவேன்னு நான் நெனைக்கல" என்றான் வளன்.

"நானும் நெனைக்கல. ஒனக்காக வரல லே. போ."

பகை அதோடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வளன் வந்து போனதை இன்னாசி வீட்டில் சொன்ன அன்று, தெரசா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இடிந்தகரையிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சம்மதம் சொல்லலாம் என்றாள். அடுத்த தை மாதம் கல்யாணம். பந்தலுக்குக் கால் நட வந்தவர்களில் வளனும் நின்றான். எல்லாரும் இன்னாசியின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் கடப்பாரையை எடுத்து வளன் பக்கமாக மணலில் குத்தி வைத்துவிட்டு, அடுத்த குழியைப் பார்க்கப் போனான்.