மூன்றாவது பத்தி

சாலோமி பாளையங்கோட்டையில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி, ஏழு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு ஆன்லைனில் ஆங்கில இலக்கியமும் எழுத்தும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்குப் பெற்றோரும் கேட்கும் வகுப்பு. ஒவ்வொரு பிள்ளையும் தன் கட்டுரையைத் தானே வாசிக்க வேண்டும். ஐந்தே முக்காலுக்கு அவள் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

'மிஸ், வேணியோட அம்மா விஜயஸ்ரீ. மதுமதி அவங்க அப்பாவப் பத்தி வாசிக்கான்னு வேணி சொன்னா. நான் கட்டாயம் கேக்கணும். நாளைக்கு என் தங்கச்சி கல்யாண ஜவுளி அவங்க கடையிலதான் எடுக்கோம். எட்டு வருசமா அந்த அண்ணாச்சிகிட்ட பேரத்துல தோத்துக்கிட்டே இருக்கேன்.'

சாலோமி முதலில் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் வாய் நின்றுபோனது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மதுமதியின் கட்டுரையைத் திறந்து, மூன்றாவது பத்திக்குப் போனாள்.

தப்பு அவளுடையதுதான். ஜூன் மாதம் மதுமதி எழுதிய முதல் கட்டுரையில், 'என் அப்பா நல்லவர், மிகவும் அன்பானவர்' என்று இருந்தது. ஊரில் உள்ள எல்லா அப்பாவுக்கும் பொருந்துகிற சட்டை அது. மூன்று முறை திருப்பி அனுப்பினாள். "பார்த்ததை எழுது. கடையில உட்கார்ந்து உங்கப்பா கை என்ன செய்யுதுன்னு பாரு." பதின்மூன்று வயதுப் பெண், சொன்னபடி டவுண் ரதவீதியில் இருக்கும் ஜவுளிக்கடையில் பில் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பார்த்ததை எழுதியிருக்கிறாள்.

'அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தால், விலை இன்னும் இறங்கும். உள்ளே திரும்பி, அம்மாவுக்கு ஒரு காப்பி என்று சொன்னால், அதற்குமேல் நூலளவும் இறங்காது. முப்பது பேர் வந்து போனதைப் பார்த்தேன். ஒருமுறைகூட மாறவில்லை. இது அப்பாவுக்கே தெரியாது.'

போன வாரம் இதைப் படித்துவிட்டு சாலோமி மகிழ்ந்துபோய், 'ஒரு சொல்லையும் மாற்றாதே' என்று ஓரத்தில் எழுதி, நிகழ்ச்சி நிரலில் முதல் பெயராகவும் போட்டுவிட்டாள். அவள் மூன்று தலைமுறை வாத்தியார் வீட்டுப் பெண். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் வருத்தப்படுகிற வம்சம். ஒரு வியாபாரியின் மூக்குக்கண்ணாடிக்குள் இத்தனை சரக்கு இருக்கும் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

மதுமதியின் அப்பா சிவசங்கரன் ஏற்கெனவே ஒரு கெடு வைத்திருந்தார். "கதை எழுதி என்ன ஆகப்போவுது டீச்சர்? கணக்கு டியூசனுக்கு எடம் பாத்து வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை பிள்ள வாசிக்கத கேட்டுட்டு முடிவு சொல்லுதேன்." மதுமதி அன்றிரவே சாலோமிக்கு ஒற்றை வரி அனுப்பியிருந்தாள். 'மிஸ், எனக்கு இந்தக் கிளாஸ் வேணும்.'

இப்போது அந்தப் பெண்ணை எச்சரிக்கவும் வழியில்லை. அவள் கடைக் கம்ப்யூட்டரிலிருந்துதான் வகுப்புக்கு வருவாள். தனியாக ஒரு வரி தட்டினால் அதை முதலில் படிப்பவர் அப்பாவாகத்தான் இருப்பார். அவரிடமே சொல்லிவிட்டாலோ, வகுப்பு இன்றோடு முடிந்தது.

ஆறு மணி. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் முளைத்தன. மதுமதி இரட்டைச் சடையுடன், பின்னால் சேலை அடுக்குகள். பக்கத்தில் தோளில் துண்டோடு சிவசங்கரன், மூக்கில் அந்தக் கண்ணாடி. கீழ் வரிசையில் விஜயஸ்ரீ, கங்கைகொண்டான் தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல், கையில் நோட்டும் பேனாவுமாக.

"இன்னைக்கு வேணியிலேருந்து ஆரம்பிப்போமா?" என்றாள் சாலோமி, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"அதென்ன டீச்சர்," என்றார் சிவசங்கரன். "எங்க பேரத்தான் மொதல்ல போட்டிருக்கீங்க. முதல் போணி எங்களது. மாத்தாதீங்க."

"நேரம் குறைவா இருக்கு அண்ணாச்சி. அப்போ எல்லாரும் ரெண்டு பத்தி மட்டும் வாசிக்கட்டும்."

"அது எப்படி மிஸ்?" விஜயஸ்ரீ உடனே வந்தாள். "பிள்ளைங்க பாடுபட்டு எழுதியிருக்கு. முழுசா வாசிக்கட்டும்."

"அந்தம்மா சொல்லுதது நியாயம்," என்றார் சிவசங்கரன். எட்டு வருடத்தில் அவர்கள் இருவரும் பேரமில்லாமல் ஒத்துப்போனது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். "நீ வாசிட்டி. பைய வாசி."

மதுமதி ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினாள். முதல் பத்தியில் கடை திறப்பது, சாம்பிராணிப் புகை, அப்பா கல்லாவைத் தொட்டுக் கும்பிடுவது. சிவசங்கரன் மார்பை நிமிர்த்திக்கொண்டார். வடக்கேயிருந்து வரும் சேலை ஏஜெண்டுகளோடு இருபது வருடம் மல்லுக்கட்டிய இங்கிலீஷ் அவருடையது. பேசுவது கொஞ்சம், புரிவது முழுக்க.

இரண்டாவது பத்தியில் ஒரு வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தார். சேலை விரிந்தது. விலை கேட்டார். சாலோமி ஒரு கண்ணைக் கட்டுரையிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்து, மதுமதியின் ஒலியை அடைக்கும் பொத்தான்மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அழுத்திவிடலாம். நெட் போய்விட்டது என்று சொல்லலாம். ஆனால் திரும்ப வந்ததும் அதே இடத்திலிருந்து வாசிக்கச் சொல்வார்கள். அதற்குள், அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று விஜயஸ்ரீக்கு மூக்கில் வேர்த்திருக்கும்.

மூன்றாவது பத்தி வந்தது.

'பேரத்தில் அப்பா வாயைப் பார்க்கக்கூடாது' என்று வாசித்தாள் மதுமதி. 'வேறு இடத்தைப் பார்க்க வேண்டும்.'

விஜயஸ்ரீ பேனா மூடியைக் கழற்றினாள். சிவசங்கரனின் முகத்தில் இருந்த பெருமை அப்படியே உறைந்து, அதற்கு அடியிலிருந்து வேறு முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. அவராலும் நிறுத்த முடியாது. நிறுத்தினால், வரப்போவது உண்மை என்று அவரே முத்திரை குத்தினதாகிவிடும். வலது கை தானாக எழுந்து கண்ணாடிக் காம்பு வரைக்கும் போயிற்று.

மதுமதி வாசிப்பதை நிறுத்தினாள். அவள் கண் திரையில் கீழ் வரிசைக்குப் போனது. அங்கே இருந்த பேனாவைப் பார்த்தது. பிறகு பக்கவாட்டில், பாதியில் நின்ற அப்பாவின் கையைப் பார்த்தது. சேலை அடுக்குக்கு மேலே மின்விசிறி சுற்றியிராவிட்டால் படம் உறைந்துவிட்டது என்றே சாலோமி நினைத்திருப்பாள்.

"மேல வாசிம்மா," என்றாள் விஜயஸ்ரீ, தேன் குரலில்.

'அம்மாவுக்கு ஒரு காப்பி என்று அப்பா சொன்னால்,' மதுமதி தாளைப் பார்க்காமல் வாசித்தாள், 'விலை இன்னும் இறங்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால், அதற்குமேல் நூலளவும் இறங்காது. முப்பது பேர் வந்து போனதைப் பார்த்தேன். ஒருமுறைகூட மாறவில்லை.'

விஜயஸ்ரீயின் பேனா வேகமாக ஓடியது. சிவசங்கரனின் கை கண்ணாடியைத் தொடாமல் இறங்கி மடியில் உட்கார்ந்துகொண்டது. சாலோமி திரையில் இருந்த வரியையும் காதில் விழுந்த வரியையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பதினோரு பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள்.

"நல்ல வாசிப்பு," என்றாள். "அடுத்தது வேணி."

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது விஜயஸ்ரீயிடமிருந்து. 'மிஸ், இந்தத் தடவைதான் அடிமட்ட விலைக்கு எடுத்தோம். உங்க கிளாஸுக்கு ரொம்ப நன்றி.' இரண்டாவது சிவசங்கரனின் குரல். "டீச்சர், அந்தம்மா வழக்கமா மத்தியானம் வரைக்கும் உசுர வாங்கும். இன்னைக்கு நான் கண்ணாடியக் கழட்டுன உடனே, 'சரி அண்ணாச்சி, பில்லப் போடுங்க'ன்னுட்டு. கணக்கு டியூசன் கெடக்கட்டும். பிள்ள உங்ககிட்டயே படிக்கட்டும்."

இரு தரப்பும் ஜெயித்த வியாபாரம். நடுவில் ஒருத்தியால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார முடியவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் மதுமதி திரையில் இருந்தாள்.

"மிஸ், மார்க்குக்கு எதக் குடுக்கட்டும்? எழுதுனதா, வாசிச்சதா?"

"நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

"பாத்தத எழுதச் சொன்னீங்க. வாசிச்சதும் பாத்து வாசிச்சதுதான் மிஸ்."

"எதைப் பார்த்து?"

"வேணி அம்மா பேனா மூடியக் கழட்டுனதப் பாத்து."

சாலோமிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோற்றோம் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். "எழுதினதுக்கு இருபதுக்குப் பத்தொன்பது."

"அதக் குடுத்தா எல்லாரும் படிக்க குரூப்புல போடுவீங்கள்லா. எங்கப்பா கடையப் பூட்டிருவாரு. வாசிச்சதுக்கு?"

"பொய்க்குப் பத்து."

"கதைன்னு வச்சுக்கிடுங்க மிஸ். பதினெட்டு."

"பன்னிரண்டு. அதுக்கு மேல கிடையாது." கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, சாலோமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

மதுமதி கன்னத்தில் கைவைத்து நிதானமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி மிஸ்," என்றாள். "பதினாறு."