எண்பத்தேழு கூப்பிட்டபோது

...படைக்குக் கட்டாய ஆளெடுக்கும் குலுக்கலில் இன்னும் பதினேழு சீட்டு, அதில் நாலு சிவப்பு, அப்படித்தானே ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இல்லை ஐந்தா, பதினோரு வயதில் அம்மாவோடு ஸ்வீடனுக்குப் போய்விட்ட டோனுக்கு, ஊர்ப் பேச்சை யாராவது வேகமாகப் பேசினால் எண்கள் மட்டும் நழுவிப்போகும், நாலு என்றே இருக்கட்டும், பதினேழில் நாலு, பெரிய ஆபத்தில்லை, ஆனால் முதுகில் ஏன் இப்படி வேர்க்கிறது, ஏப்ரல் வெயில்தான், பந்தலுக்குக் கீழே சட்டையில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும்தான் வேர்க்கிறது, அவனுடைய தோல் மட்டும் வெளுத்துப்போய்த் தனியாகத் தெரிகிறது, கையில் பேனாவால் எழுதிய எண்பத்தேழு வேர்வையில் கரைகிறது... கறுப்பு வந்தால் நாளை மறுநாள் விமானம், திங்கட்கிழமை பேக்கரி வேலை. சிவப்பு வந்தால் இரண்டு வருடம் படைமுகாம், ஸ்வீடனில் குடியிருப்பு அனுமதி என்ன ஆகும், முகாமில் புதுப் பையன்களை அடிக்கிறார்களாமே, ஆணை புரியாமல் விழித்தால் என்ன செய்வார்கள்... படிப்பைக் காட்டித் தள்ளிப்போட்டது போன வருடத்தோடு முடிந்துவிட்டது. "வராத ஆளுங்க எத்தனையோ பேர் இருக்காங்கடா, முப்பது தாண்டிட்டா படைக்குக் கூப்பிட மாட்டாங்க, அதுவரைக்கும் இங்கயே கெட" என்று அம்மா போனில் அழுதாள், ஆனால் வராமல் இருந்தால் வழக்கு, அப்பாவைப் பார்க்க வந்தால் விமானநிலையத்திலேயே பிடிப்பார்கள், வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகிற அப்பாவுக்கு அதுவரை பொறுக்குமா? அப்பா அதோ, கயிற்றுக்கு அந்தப் பக்கம், கழுத்துத் தாயத்தை வாயருகே பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னடா வெள்ளக்காரா, மூஞ்சி செத்துப்போச்சு?" பக்கத்தில் விசுத். நான்காம் வகுப்பில் ஒரே பெஞ்சு, இப்போது மரவள்ளித் தோட்டம், எண் எண்பத்தெட்டு. "தண்ணி குடி. அங்க குளுர்ல கெடந்து வெயிலயே மறந்துட்ட." சிரிக்கிறான், எப்படிச் சிரிக்க முடிகிறது, அவன் மனைவி நுய் ஏழு மாத வயிற்றோடு அப்பாவுக்குப் பக்கத்தில்தானே நிற்கிறாள்... எண்பத்திரண்டு போகிறான், பானைக்குள் கை, அதிகாரி சீட்டைப் பிரித்து, கறுப்பு! கூட்டம் கத்துகிறது, டோனுக்கு வயிறு எரிகிறது, ஒரு கறுப்பு போய்விட்டதே. எண்பத்துமூன்று, கறுப்பு. எண்பத்துநாலு, கறுப்பு, அந்தப் பையன் தரையில் விழுந்து கும்பிடுகிறான், போதும் எழுந்திருடா, உனக்கென்ன... யாருக்காவது சிவப்பு வரட்டும், யாருக்காவது, சீ, என்ன நினைப்பு இது. எண்பத்தைந்து, கறுப்பு. எண்பத்தாறு, கறுப்பு. தொடர்ந்து ஐந்து. அடுத்தது சிவப்புதான், பானை வாயில் சிவப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது, அவனுக்குத் தெரிகிறது, கண்ணால் பார்க்கிற மாதிரி.

எண்பத்தேழு! எழுந்தான், கால் மடிந்தது, உட்கார்ந்துவிட்டான், குமட்டுகிறது, அல்லது குமட்டுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான். சார்ஜன்ட் எரிச்சலோடு, "என்ன, மயக்கமா? வாந்தி கீந்தி எடுத்துத் தொலைக்காத! அடுத்தவன் யாரு?" விசுத் தோளைத் தட்டினான். "நீ மூச்சு வாங்கிக்கடா, நா போறேன். எப்பன்னாலும் எடுக்கத்தான போறோம்." வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், அந்தப் பழுப்பு முதுகு நடந்துபோவதையே பார்த்துக்கொண்டிருந்தான், கை உள்ளே போனது, வெளியே வந்தது, அதிகாரி பிரித்தார்... "சிவப்பு! தரைப்படை!" கூட்டம் இரட்டிப்பாகக் கத்தியது. டோனின் நெஞ்சில் என்னவோ சட்டென்று இளகியது, பதினொன்றில் மூன்று என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது, நண்பனின் முகத்தைப் பார்க்கும் முன்பே.

பிறகு அவனே நடந்துபோனான், கால்கள் ஒழுங்காக நடந்தன, பானைக்குள் கை விட்டான், கறுப்பு. அப்பா கயிற்றைத் தாண்டி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார், "எம்புள்ள பொழச்சான், பொழச்சான்," அந்த மெலிந்த கை எவ்வளவு இறுக்குகிறது... அவர் தோளுக்கு மேலே நுய் தெரிந்தாள், மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், யாரோ ஒருத்தி விசிறிக்கொண்டிருந்தாள். அடுத்த மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த விசுத் நிமிர்ந்து, "தப்பிச்சிட்டடா வெள்ளக்காரா! போ, அப்பாவுக்குச் சோறு வாங்கிக் குடு!" என்று கத்தினான், அவன் முகத்தில் கோபமே இல்லை, இருந்திருந்தால் நன்றாயிருக்கும். நுய்யிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும், என்ன சொல்வது, எனக்கு மயக்கம் வந்தது என்றா, வந்ததுதான், உண்மையாகவே வந்தது, கண் இருட்டியது, கால் மடிந்தது... ஆனால் அடுத்தது சிவப்பு என்று தோன்றியதே, அது கால் மடிந்ததற்கு முன்பா, பின்பா?