விசில் ஊதினால் கை தூக்கு

சிவசுப்பிரமணியன் பந்தைக் காலால் தொட்டறியாதவர். தூத்துக்குடியில் பலசரக்குக் கடை. ஆனாலும் கடற்கரைப் பையன்களையும் கடைத்தெருப் பையன்களையும் சேர்த்து, எழுபத்தொன்றில் ஒரு கால்பந்து கிளப்பை ஆரம்பித்து, செயலாளராகவும் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து கிளப் மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு வந்தது. கோப்பையைக் கடையில் எந்தப் பலகையில் வைப்பது என்பதுவரை அவர் யோசித்து வைத்திருந்தார்.

இடைஞ்சலாக வந்தது வளனின் காது. முதல் நாளிலிருந்து கிளப்பில் ஆடுகிறவன், முன்வரிசைக்காரன். இரண்டு மாதத்துக்கு முன் சங்கு குளிக்க இறங்கியபோது இரண்டு காதிலும் சவ்வு கிழிந்துவிட்டது. அரையிறுதியில் விசில் கேட்காமல் ஓடிப்போய் ஒருவனை இடித்துத் தள்ளினான். இன்னொரு தடவை நடந்தால் வெளியேற்றிவிடுவேன் என்று நடுவர் எச்சரித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் பதினொரு பெயரை வாசித்தார் சிவசுப்பிரமணியன். வளன் பெயர் இல்லை. அது அவனுக்குக் கேட்கவுமில்லை. தன் பெயரும் வந்திருக்கும் என்று சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

கேப்டன் ரோச்தான் வாயைத் திறந்தான். அவன் வளனுக்கு மச்சான். வளன் முங்கும்போது வள்ளத்தில் கயிறு பிடிப்பவன்.

“அண்ணாச்சி, தண்ணிக்கடியில இருக்கவனுக்கு நான் கத்துனா கேக்குமா? கயித்த இழுத்துத்தான சொல்லுதேன். இங்கனயும் அப்படிச் செய்வோம். விசில் ஊதுனா எல்லாரும் கையத் தூக்குதோம். அவன் எங்க திரும்புனாலும் ஒரு கை தெரியும்லா.”

“கோப்பை போயிட்டுன்னா?”

“போட்டும். கயித்த விட்டுட்டு நான் எந்த மொகத்தோட கரைக்கு வர?”

சிவசுப்பிரமணியனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனாலும் வளன் பெயரை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு விசிலுக்கும் பத்துக் கைகள் உயர்ந்தன. கூட்டம் சிரித்தது. ஆட்டம் முடியச் சிறிது நேரம் இருக்கையில் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. இவர்கள் கையைத் தூக்கி நிற்கும்போதே அவர்கள் சட்டென்று அடித்து ஆட்டத்தின் முதல் கோலைப் போட்டுவிட்டார்கள். பையன்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவோமோ என்று பயந்து, சிவசுப்பிரமணியன் விலகிப்போய் எதிரணிக் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கடைசி நிமிஷத்தில் வளன் பந்தோடு தனியாக ஓடிவந்தான். கடைசி விசில் ஊதியது. பத்துக் கைகளும் உயர்ந்தன, அவன் முதுகுக்குப் பின்னால். எதிரணி நின்றுவிட்டது. அவன் மட்டும் உயிரைக் கொடுத்து ஓடிவந்துகொண்டிருந்தான். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. கிளப்பைச் சேர்ந்தவர் என்று அவன் கண்ணுக்கு எதிரே இருந்தது சிவசுப்பிரமணியன் ஒருவர்தான்.

கையைத் தூக்கினார்.

வளன் பந்தை மிதித்து நிறுத்தினான். மூச்சு வாங்கக் கிட்டே வந்தான். “தோத்துட்டமா, அண்ணாச்சி?” என்று உரக்கக் கேட்டான்.

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார். தூக்கிய கையை இறக்க அவருக்குத் தோன்றவில்லை.