மேல் பலகை

மேல் பலகையில், அடுப்பை ஒட்டி, காகித ஆலையின் இயக்குநர் ஹவுத்தனியெமி. அவருக்கு வலப்பக்கம் நான். கீழ்ப் பலகையில், கதவோரம், கணக்குப் பிரிவு ரைமோ. அவருக்கு அடுத்து மெக்கானிக் எஸ்கோ. நால்வர் உடம்பிலும் துணியில்லை. வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை.

போலீஸுக்கு எழுதும் தாளில் இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன்.

பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஏரிக்கரையிலிருக்கும் ஆலையின் சவுனாவுக்கு, அந்த நீராவிக் குளியலறைக்கு, போகிறேன். அடுப்புக்கு விறகு பிளந்தேன், சாசேஜ் வாட்டினேன், இயக்குநரின் முதுகைத் தேய்த்தேன். யாருக்கு என்ன பதவி என்பது அந்த வெக்கையில்தான் முடிவாகும். அன்றுதான் என்னை முதல்முறையாக மேலே கூப்பிட்டார்.

"ஏறி வாப்பா காலெவி. திங்கக்கிழமைலேர்ந்து நீதான் பிரிவுத் தலைவர். சூடு தாங்குவியா?"

எஸ்கோவை யாரும் அழைக்கவில்லை. அவனாக வந்தான், உடுப்பைக் கழற்றினான், உட்கார்ந்தான்.

"மூணாவது உருளையோட காப்புக் கம்பிவலையை யாரு கழட்டச் சொன்னது? அந்த மெஷின்ல வேலை பார்த்த யோர்மாவுக்கு மூணு விரல் போச்சு."

"சவுனாவுல வேலைப் பேச்சு கிடையாதுப்பா" என்றார் இயக்குநர். ரைமோ சிரித்துவிட்டார். அங்கே நாங்கள் வேறெதுவும் பேசியதில்லை.

"நீங்க கையெழுத்துப் போட்ட தாள் எங்கிட்ட இருக்கு."

தண்ணீர் ஊற்றும் அகப்பையால் அவன் காதோடு சேர்த்து அடித்தார் இயக்குநர். எஸ்கோ எழுந்து அவர் நெஞ்சில் குத்தினான். அவர் கீழே குதித்து, அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை அடுப்புக் கற்களின்மேல் வைத்து அழுத்தினார். கல்லில் தண்ணீர் ஊற்றும்போது எழும் அதே சத்தம். அதற்குப் பிறகுதான் எஸ்கோ அலறினான். கையை எடுத்தபோது தோல் கல்லிலேயே தங்கிவிட்டது. ரைமோ கதவைத் திறந்துகொண்டு ஏரிப் பக்கம் ஓடினார்.

இயக்குநருக்கு மூச்சிரைத்தது. "வழுக்கி விழுந்துட்டான். உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். விபத்து அறிக்கையை நீயே எழுதிடு."

சனிக்கிழமை காலை, காபி ஊற்றிக்கொண்டே என் மனைவி மாரித் கேட்டாள்: "கையில என்ன நகக்கீறல்?"

"விறகு கிழிச்சிடுச்சு."

"தலைவர் ஆகப்போறவருக்கு விறகு வேலை என்னத்துக்கு? எங்க அக்காகிட்டகூடச் சொல்லிட்டேன், ஒரே பொறாமை அவளுக்கு."

அவள் கடைக்குக் கிளம்பிய பிறகு தாளை மறுபடி எடுத்தேன். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது சரி. அது ஐந்தரை மணிக் கணக்கு. ஐந்து நாற்பதுக்கு யார் எங்கே நின்றார்கள் என்று புதுவரியில் தொடங்கினேன். இயக்குநர், அடுப்புக்கு முன்னால். ரைமோ, கதவில் கை வைத்தபடி. எஸ்கோ, முழங்காலிட்டு. என் பெயரை எழுதிவிட்டு, காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுதினேன்: 'காலெவி, எஸ்கோவுக்குப் பின்னால். அவனுடைய இடது கையை முதுகுப்புறம் முறுக்கிப் பிடித்திருந்தேன். பிடி என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.'

உறையை நாக்கால் நனைத்து ஒட்டினேன். தெருமுனைத் தபால் பெட்டியின் வாய்க்குள் கை நுழைந்தபோது சட்டைக்கை மேலேறி, நான்கு கீறல்களும் வெயிலில் சிவப்பாகத் தெரிந்தன. விரல்களைத் தளர்த்தினேன். உள்ளே, காலிப் பெட்டியின் அடியில், கடிதம் போய் விழுந்தது.